பிலோமிக்குப் பொடுதலை

பிடுங்கிப் பார்க்கக் கூடாது. ஒன்றைக்கூடப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. நேற்றும் இதையே சொல்லிக்கொண்டுதான் பின்வாசலுக்கு வந்தேன், வந்து என்ன செய்தேன், ஓரத்துக் கொடியைக் கிள்ளுவதுபோலப் பிடித்து மெல்ல இழுத்தேன், கணுவிலிருந்து வெள்ளை நூல்போல வேர் எட்டிப் பார்த்தது, மண்ணை விட்டு வர மனமில்லாமல் வந்து என் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு அறுந்தது. அய்யோ என்று திரும்பவும் மண்ணுக்குள் திணித்தேன். இன்று அந்தக் கொடி மட்டும் தலை தொங்கிக் கிடக்கிறது, மற்றவை எல்லாம் நிமிர்ந்திருக்கின்றன. என் கைக்கு எதையும் நம்பத் தெரியாது. இட்லிப் பானையைப் பாதி ஆவியில் திறந்து பார்க்கிறவள், பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள், தூங்குகிறவளின் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தவள். சரி, அதை நினைக்க வேண்டாம். இன்றைக்குக் கைக்கு வேலை கொடுத்துவிட்டால் அது சும்மா இருக்கும். ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிற பொடுதலைக் கொடி முழுவதையும் வெட்டி நட்டுவிட வேண்டும், அண்ணன் வருவதற்குள். வாய்க்கால் கரையில் காலில் மிதிபட்டுக் கிடக்கிற செடிதான், பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சப் பறிப்பார்களே, அதுதான். தரையை விட்டு ஒரு விரல் உயரம்கூட எழும்பாது. படுத்துக்கொண்டே போகும். போகிற இடத்தில் எல்லாம் கணுவுக்குக் கணு வேர் விட்டு மண்ணைக் கவ்விக்கொள்ளும். கொடியை இரண்டு கணு இருக்கிறமாதிரி நறுக்க வேண்டும், ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே. உள்ளே போகிற கணுவின் இலையைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். இதெல்லாம் எனக்கு யார் சொல்லித் தந்தார்கள், யாரும் இல்லை, போன மாதம் கெடுத்த ஒரு பெட்டி சொல்லித் தந்தது.

பெட்டி என்றால் தக்காளிப் பெட்டி. ஒட்டன்சத்திரத்து மார்க்கெட்டிலிருந்து வருகிற சட்டம் சட்டமான மரப்பெட்டி, பக்கத்து வீட்டுக் கேத்தரினின் வீட்டுக்காரர் காய்கறி வண்டி ஓட்டுகிறார், உடைந்ததை எனக்குக் கொடுத்துவிடுவார். அதற்குள் கோணிச் சாக்கை விரித்து, சாக்கின்மேல் மண்ணும் மணலும் கலந்து இரண்டு விரல் கனத்துக்கு மெல்லிசாகப் பரப்பி, அதில் நட வேண்டும். வேர் எல்லாம் சாக்கின் இழைக்குள் புகுந்து பின்னிக்கொண்டால், நாலு முனையையும் பிடித்து அப்படியே தூக்கிவிடலாம், பாயைத் தூக்குவதுபோல. தூக்கிக்கொண்டு போய்க் கல்லறையில் பிலோமியின் குழிமேட்டின்மேல் விரித்துவிட்டால் சாக்கு கொஞ்ச நாளில் மக்கிப் போகும், வேர் கீழே இறங்கிவிடும். இரண்டு பெட்டி பச்சை கட்டிவிட்டது. மூன்றாவது பாதி. நாலாவதை இன்றைக்கு நட்டாக வேண்டும். என் தங்கச்சி உயரமானவள். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் மூட நாலு பெட்டியாவது வேண்டும், பக்கத்துச் சரிவுக்கு இன்னும் வேண்டும். தனித்தனியாக அங்கேயே போய் நட்டால் என்ன என்று கேத்தரின் கேட்டாள். நட்டேன், பிடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் காலையில் ஊற்றினால் மறுநாள் ஊற்ற ஆள் கிடையாது, நானும் தினம் போக முடியாது, குழிமேட்டில் தண்ணீர் நிற்கவும் நிற்காது. இங்கே வீட்டில் வைத்து வளர்த்து, பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்த பிறகுதான் கொண்டுபோக வேண்டும். புதிதாகக் குடி வைக்கிறபோது வெறுங்கையோடு அனுப்புவார்களா என்ன.

போன வருஷம் டேபிள் ரோஸ் வைத்தேன். அதுவும் தரையோடு படர்கிறதுதான், குச்சியை ஒடித்துச் செருகினால் போதும், சித்திரை வெயிலில் கூட நிற்கும். ஆனியில் போய்ப் பார்க்கிறேன், குழிமேடு முழுவதும் ரோஸும் மஞ்சளும் ஆரஞ்சுமாக, பிலோமி சேலை எடுக்கப் போனால் எந்த நிறத்தை எல்லாம் எடுப்பாளோ அந்த நிறமாக. கல்லறைத் திருநாளுக்கு ஊரே பார்க்கப் போகிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பூவுக்குப் பத்துமணிப்பூ என்று இன்னொரு பேர் இருக்கிறதே, அது பத்து மணிக்கு விரிந்து வெயில் தாழ்ந்ததும் மூடிக்கொள்ளுமே, சாமியார் கல்லறைகளை மந்திரிக்க வருவது சாயந்தரம்தானே என்று ஒரு கழுதைக்கு இருக்கிற யோசனைகூட எனக்கு வரவில்லை. அதற்கும் முன்னால் ஐப்பசி மழை வேறு. மெழுகுவர்த்தி எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் நின்றால், பூ ஒன்றுகூட இல்லை, தண்டு தண்டாகக் கொழகொழவென்று அழுகிக் கிடக்கிறது. பக்கத்துக் குழிக்கு வந்தவர் குனிந்து பார்த்து, என்னம்மா, தங்கச்சிக்குப் பருப்புக்கீரை போட்டிருக்கியா என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை அவர், அதுதான் இன்னும் மோசம். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு நகர்ந்துவிட்டார். நான் அழுதேனா. இல்லை, சிரிப்பு வந்தது. பிலோமி இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள், சிரித்து இருமல் வந்து, இருமி மூச்சு இழுத்து, நான் பயந்து தண்ணீர் எடுக்க ஓடி. அவள் சிரிப்பையே பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழக்கினவள் நான். சிரிக்காதடி, சிரிக்காதடி என்று.

நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்துருக்காங்கக்கா என்பாள். யாருடி. உன்னமாதிரி வெயிட்டான ஆளு. ரெடிமேட் கம்பெனியில் சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற வேலை அவளுக்கு. பஞ்சு பறக்கும், முகத்தில் துணி கட்டிக்கொள் என்றால் வியர்க்கிறது என்பாள். கல்யாணம் பேசினபோதெல்லாம் இளைப்பு இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டில் இவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள், பிறகு எனக்கு ஜாடை காட்டுவாள், பாத்தியா, காப்பி குடிச்சிட்டுக் கிளம்பிட்டாங்க என்று. என்னோடுதான் இருந்தாள், இந்த வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில். மார்கழியில்கூட ஜன்னல் திறந்திருக்க வேண்டும். போர்வை ஆகாது. மெல்லிசுத் துண்டைப் போர்த்தினால்கூடக் காலால் எற்றிவிட்டு உட்கார்ந்தபடி தூங்குவாள், மடியில் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்து. அவளைப் பெட்டிக்குள் மல்லாத்திப் படுக்கவைத்தபோது எனக்கு அதுதான் தாங்கவில்லை. செத்துப்போனதைவிட, மல்லாத்தி வைத்தது. மூடியைப் போட்டு ஆணி அடித்தபோது எனக்கு இங்கே, தொண்டைக்குழிக்குக் கீழே அடைத்தது, இன்னும் முழுசாக இறங்கவில்லை. இப்போது அண்ணன் கல் போடப் போகிறேன் என்கிறார். கருப்புக் கிரானைட், ஒரே பலகை, குழிமேட்டின் நீளத்துக்கும் அகலத்துக்கும். மேலே அவள் படம் செதுக்கி. அண்ணன் போனில் சொன்னபோது நான் சரிண்ணே என்றுதான் சொன்னேன். என் வாய் எப்போதும் சரிண்ணே என்றுதான் சொல்லும். போனை வைத்த பிறகு அந்தக் கல்லை யாரோ என்மேல் ஏற்றி வைத்ததுபோல இருந்தது, எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன், ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

கத்தி மழுங்கிவிட்டது. கொடி நசுங்கக் கூடாது, நசுங்கினால் அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். அம்மிக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு உட்காரலாம், ஆனால் எழுந்தால் முட்டி வலிக்கும், உட்கார்ந்தால் எழ வலிக்கும், சரி எழுந்துவிட்டேன், தீட்டிவிட்டேன், உட்கார்ந்துவிட்டேன். இந்த வாசனை நன்றாக இருக்கிறது. பச்சையும் சேறும் கலந்து. இலையைக் கிள்ளினால் கைப்பு வாசனை. நேற்று வாய்க்காலில் இறங்கி அறுத்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா, ஏம்மா தலையில பொடுகு ரொம்பவா, இத்தனை எண்ணெயும் யாருக்கு என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். கல்லறைக்கு என்றால் அதற்கு நூறு கேள்வி. கேத்தரின் வேறு ஒரு பயத்தைக் கிளப்பிவிட்டாள். யக்கா, நீ அங்க கொண்டுபோய் விரிச்சா, சனம் எண்ணெய் காய்ச்சப் பறிச்சிட்டுப் போயிரும் பாரு. போடி, கல்லறையில மொளைச்சத எவ தலையில தேய்ப்பா என்றேன். தேய்ப்பா யக்கா, முடி வளரும்னா எவளும் தேய்ப்பா என்றாள். ராத்திரி பூராவும் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஆடு வேறு இருக்கிறது. கம்பிவேலி ஓட்டையில் ஆடு வருகிறது. ஆடு பொடுதலை தின்னுமா. தின்னும் என்றுதான் நினைக்கிறேன், ஆடு எதைத் தின்னாது. தின்றால் என்ன, கடித்த இடத்திலிருந்து திரும்பவும் வரும், வாய்க்காலில் ஆடு மேய்ந்தும் மாடு மிதித்தும் வண்டி ஏறியும்தானே இது இவ்வளவு படர்ந்திருக்கிறது. மிதிக்க மிதிக்கப் படர்கிற சாதி. மழைக்கு அழுகாது, தண்ணீருக்குள்ளேயே ஒரு வாரம் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பூ என்று பெரிதாக ஒன்றுமில்லை, மிளகு அளவு, வெள்ளையும் ஊதாவும். மூடிக்கொள்கிற வேலை எல்லாம் அதற்குத் தெரியாது. சாயந்தரம் வருகிற சாமியார் குனிந்தால் பார்க்கலாம்.

குனியாவிட்டாலும் பச்சை தெரியும். பச்சை தெரிந்தால் போதும். கல்லறைக் கமிட்டிக்காரர்கள் திருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரிசையாகச் சுற்றி வருவார்கள், கல் கட்டாத குழிகளில் யாரும் கவனிக்காமல் கரைந்து தரைமட்டமானது எது என்று பார்த்து, அதன் தலைமாட்டில் சுண்ணாம்பை அள்ளி வைப்பார்கள். சுண்ணாம்பு வைத்த குழியை அடுத்த வருஷம் வேறு யாருக்காவது தோண்டுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, ஊர் பெருத்துவிட்டது, தோட்டம் பெருக்கவில்லை. தோண்டும்போது கிடைக்கிற எலும்பை மூலையில் இருக்கிற கிணற்றுக்குள் போட்டுவிடுவார்கள். மூடி போட்ட கிணறு அது. பிலோமியை அந்த மூடிக்குள். இதற்குத்தான் அண்ணன் பயப்படுகிறார், அவர் பயமும் நியாயம்தான். ஒவ்வொரு ஐப்பசிக்கும் அவள் குழிமேடு கரைகிறது, நான் போய் மண்வெட்டியால் இழுத்து இழுத்துக் குவிக்கிறேன், அடுத்த மழைக்குத் திரும்பவும் கரைகிறது. கமிட்டிச் செயலாளர் தொபியாஸைக் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டேன், கல்லு கட்டியே ஆகணுமா சார் என்று. சட்டம் அப்பிடி இல்லம்மா, பராமரிப்பு இருந்தாப் போதும், ஆனா பராமரிப்புன்னா எங்க கண்ணுக்குத் தெரியணும் என்றார். அதைக் கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏழாவதோடு நின்றவள், சார் என்று கூப்பிடுகிறவர்களிடம் வாயைத் திறந்தால் எனக்கு முதல் சொல் வராது. ஆனாலும் கேட்டுவிட்டேன் அல்லவா. அதுபோலத்தான் இன்றைக்கும். அண்ணே, கல்லு வேண்டாம். இவ்வளவுதான். அண்ணே, கல்லு வேண்டாம்ணே. நேற்றிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன், பாத்திரம் விளக்கும்போது சொன்னேன், வாய்க்காலில் சொன்னேன். அண்ணனைப் பார்த்ததும் எல்லாம் தொண்டையில் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரிப் பட்டறைக்குப் போய் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டவர். பிலோமிக்கு மூச்சுக்கு அடிக்கிற மருந்து வாங்க ஓசூரிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பினவர். அவர் ஆசையாகக் கேட்கிற ஒன்றை வேண்டாம் என்று எப்படி. எப்படி என்ன எப்படி. வாயைத் திறந்துதான்.

வாசலில் செருப்புச் சத்தம், அண்ணன்தான், குதிகாலை இழுத்து நடக்கிறவர், சலேத்து என்று கூப்பிட்டுக்கொண்டே வீட்டைத் தாண்டிப் பின்வாசலுக்கு வந்துவிட்டார், கையில் மஞ்சள் பை. எழுந்திருக்கப் பார்த்தேன், உக்காரு உக்காரு, முட்டிவலிக்காரி, என்றார். காப்பி போடட்டாண்ணே என்றேன். கல்லுக்கடையிலயே குடிச்சிட்டேன் என்றார். போய்விட்டுத்தான் வருகிறார். பையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தார், தட்டு அளவுக்குக் கருப்புக் கல், மாதிரிக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதில் யாரோ மீசை வைத்த ஒரு பெரியவர் முகம் வெள்ளைக் கோடாகச் செதுக்கியிருந்தது. பாரு, மெஷின்ல போடுறான், போட்டோ மாதிரியே வருது, பிலோமியோட அந்தத் திருவிழா போட்டோ இருக்கில்ல, சிரிச்சிட்டு, அதக் குடு, நாளைக்கு ஆளு வந்து அளந்துருவான் என்றார். கல் தொடையில் அழுத்தியது. இத்தனூண்டு கல், இத்தனை கனம். உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன், யார் வீட்டுப் பெரியவரோ, கோபித்துக்கொள்ளக் கூடாது என்று. அண்ணன் பெட்டிகளைப் பார்த்தார். இதென்னது. பொடுதலைண்ணே. வாய்க்கால்ல கெடக்குற களைதானே, எண்ணெய்க் கம்பெனி எதுவும் வைக்கப் போறியா. இல்லண்ணே, பிலோமிக்கு. என்ன பிலோமிக்கு. குழிமேட்டுல விரிக்கறதுக்கு. அவர் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். போன வருஷம் கீரை, இந்த வருஷம் களையா என்றார். அவருக்கும் அந்தக் கதை போயிருக்கிறது.

நான் மடியிலிருந்த கல்லை எடுத்து, இரண்டு கையாலும் எடுத்து, தரையில் வைத்தேன். அண்ணே, கல்லு வேண்டாம்ணே. வந்துவிட்டது. இவ்வளவு சின்னதாகவா வரும், எனக்கே கேட்கவில்லை. என்னது என்றார். கல்லு வேண்டாம், அவளுக்கு நெஞ்சுல பாரம் ஆகாது. அண்ணன் பக்கத்துத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார், வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏன் சலேத்து, அவளுக்கு மேல ஆறடி மண்ணு கெடக்கு, அது பாரமில்லையா, நாங் குடுக்கறது மட்டும்தான் பாரமா. இத்தனை நாள் இதை நான் ஏன் யோசிக்கவில்லை. மண் பாரம்தான், ஈர மண் இன்னும் பாரம். ஆனால் என் வாய் சொல்லியது, மண்ணு மூச்சு விடும்ணே, தண்ணி எறங்கும், வேர் எறங்கும், புழு போய்ட்டு வரும், கல்லுல எதுவும் போகாது. செத்தவளுக்கு ஏதுடி மூச்சு என்று அண்ணன் கத்தினார், கத்திவிட்டுக் கேத்தரின் வீட்டுப் பக்கம் பார்த்துக் குரலை இறக்கினார். அவளுக்கு இல்ல, தெரியும், எனக்கு முட்டுது, நீங்க கல்லுன்னு சொன்ன நாள்லருந்து எனக்கு முட்டுதுண்ணே, அவ பக்கத்துல படுத்து ராத்திரி பூராவும் அவ இழுக்கறதக் கேட்டுக் கேட்டு, அவ இழுத்தா நானும் இழுப்பேன், அவ விட்டாத்தான் நானும் விடுவேன், இன்னும் அப்பிடித்தான் இருக்கேன், அந்தக் கல்ல வச்சா நான் அங்க எப்பிடிப் போய் நிப்பேன். இவ்வளவு பேச்சை நான் அவரிடம் ஒருசேரப் பேசியதே கிடையாது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சினார். அவ இழுத்தப்பல்லாம் நான் இங்க இல்லையே சலேத்து, அவளுக்குன்னு நான் வேற என்னதான் செய்ய என்றார்.

என் மனசு அங்கேயே இளகிவிடப் பார்த்தது. சரிண்ணே, போட்டுக்கலாம்ணே என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது, எனக்கு யாரும் அழக்கூடாது, அழுதால் எதையும் கொடுத்துவிடுவேன், காதில் கிடக்கிற கம்மலைக் கேட்டாலும் கழற்றிவிடுவேன். கத்தியை எடுத்து ஒரு கொடியை நறுக்கினேன். இலையைக் கிள்ளினேன், கணுவை மண்ணுக்குள் வைத்தேன், சுற்றி அமுக்கினேன். அடுத்தது. கை செய்துகொண்டிருந்தால் வாய் இடம் கொடுக்காது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கமாக வந்தார். ஊர்ல என்ன சொல்லுவான், அண்ணங்காரன் ஓசூர்ல வீடு கட்டிட்டான், தங்கச்சி குழியில களை மொளைச்சிக் கெடக்குன்னு சொல்ல மாட்டானா. சொல்லுவாங்கண்ணே. கமிட்டிக்காரன் சுண்ணாம்பு வச்சிட்டா. வைக்க மாட்டாங்க, நான் கேட்டுட்டேன், பச்சை தெரிஞ்சாப் போதும்னு சொல்லிட்டாங்க, நான் வாரம் ஒருதடவை போவேன், வெயில்னா ரெண்டு தடவை போவேன். எத்தன நாளைக்குப் போவ. நான் இருக்கற வரைக்கும். உனக்கப்புறம். கத்தி நின்றுவிட்டது. அதுதான், அந்தக் கேள்விதான், ராத்திரியில் ஆடும் கேத்தரினும் வேலி ஓட்டையும் எல்லாம் வந்துபோன பிறகு கடைசியில் வந்து நிற்கிறது அதுதான். எனக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் பிள்ளைகளுக்கு இந்தத் தோட்டம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. எனக்கப்புறம் பொடுதலை காயும், மேடு கரையும், சுண்ணாம்பு விழும், தோண்டுவார்கள். தோண்டட்டும். இதை நினைத்ததும் நான் பயந்து நடுங்குவேன் என்றுதான் நினைத்திருந்தேன், நடுங்கவில்லை. எனக்கப்புறம் யாருக்காவது எடம் தேவைப்படும்ணே, படுத்துக்கட்டும் என்றேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், இவள் யார் என்பதுபோல. அவளோட எலும்பக் கெணத்துல போட்டுருவானே என்றார். ஆமாண்ணே, எலும்பு. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன். என்னால எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

அண்ணன் எழுந்தார். மாதிரிக் கல்லை எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்தார், அதன் மேல் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்துவிட்டு. இருங்கண்ணே, காப்பி குடிச்சிட்டு. வேண்டாம், ஆறு மணி வண்டிய விட்டா அடுத்தது கூட்டமா வரும். அவர் கோபமாக இருக்கும்போது இப்படித்தான், பஸ்ஸைப் பற்றிப் பேசுவார். வாசல் வரைக்கும் போனேன், முட்டி வலியோடு, கையில் சேற்றோடு. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பாமலே சொன்னார், கமிட்டில குழிக்குப் பொறுப்புன்னு எம் பேர்தான் இருக்கு, வாரிசுன்னு ஆம்பளை பேருதான வாங்குவான், நாளைக்கு அங்க சுண்ணாம்பு விழுந்தா எம் பேர்தான் நாறும், அதனால எம் பேர எடுத்துரு சலேத்து, இனிமே ஒனக்கும் அவளுக்கும் நடுவுல நான் இல்ல. அண்ணே என்றேன். போய்க்கொண்டே இருந்தார். தெருமுனையில் திரும்பும்போது கையை உயர்த்தினாரா, பையைத் தோள் மாற்றினாரா, தெரியவில்லை. திருநாளுக்கு வருவாரா. வராமல் போனால். வராமல் போனால் அடுத்த வருஷம் வருவார். அவர் வராவிட்டால் நான் ஓசூர் போவேன், எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறத் தெரியாதா எனக்கு.

நாலாவது பெட்டி பாதியில் நிற்கிறது. வந்து உட்கார்ந்து மிச்சத்தையும் நட்டேன், கணு எது என்று பார்க்காமலே கைக்குத் தெரிகிறது. பூவாளி இல்லை, தகர டப்பாவில் ஆணியால் துளை போட்டு வைத்திருக்கிறேன், அதில் தண்ணீரைத் தெளித்தேன், மண் நிறம் மாறுகிற வரைக்கும், அதற்குமேல் வேண்டாம். பெட்டியை முருங்கை நிழலுக்கு இழுத்துவிட்டேன். வெயில் சாய்ந்துவிட்டது. சாயந்தரப் பூசைக்கு முன்னால் தொபியாஸ் கோயில் ஆபீசில்தான் இருப்பார். நாளைக்குப் போகலாம், நாளைக்குக் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு நிதானமாகப் போகலாம், வேண்டாம், நாளைக்கு என்றால் ராத்திரி பூராவும் நினைத்து நினைத்து இந்த நாக்கு திரும்பவும் மடங்கிப்போகும். இப்போதே. கையைக் கழுவினேன், நகக்கண்ணில் பச்சை போகவில்லை, கிடக்கட்டும். சேலை முந்தானையில் சேறு இருக்கிறது, உதறினால் காய்ந்து விழும். கதவைப் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். ஒரு தடவை. தெருவில் இறங்கிவிட்டேன், கேத்தரின் எங்கக்கா இந்த நேரத்துல என்கிறாள், கோயிலுக்குடி என்கிறேன். தொபியாஸ் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார். என்னம்மா என்பார். பிலோமினா குழிக்குப் பேர் மாத்தணும் சார் என்பேன். யார் பேருக்கு. என் பேருக்கு, சலேத்மேரி, அக்கா. அவர் எனக்குப் பின்னால் வாசலைப் பார்ப்பார், வீட்டு ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா என்று கேட்பார், கட்டாயம் கேட்பார். அப்போது வெளியே பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. இல்ல சார், நான்தான் வந்திருக்கேன். நான்தான் வந்திருக்கேன்.